ரேடார் சென்சாருக்கு பவர் சிப் தேர்ந்தெடுப்பது எப்படி: வோல்ட்டுக்கும் ஆம்பியருக்கும் முன்னால் பார்க்க வேண்டியது

வீட்டில் மிக்ஸி ஓடினால் டிவி திரையில் புள்ளிபுள்ளியாகக் கோடு ஓடிய காலம் பலருக்கு நினைவிருக்கும். மொட்டைமாடியில் ஆன்டெனா நட்டு தூர்தர்ஷன் பார்த்த நாட்கள் அவை. அடுக்களையில் தேங்காய் அரைக்க ஆரம்பித்ததும் செய்தி வாசிப்பவர் முகத்துக்குக் குறுக்கே வெள்ளைக் கோடுகள் பறக்கும். மிக்ஸி நின்றதும் படம் தெளிந்துவிடும். டிவியில் கோளாறு இல்லை, ஒளிபரப்பிலும் இல்லை. மிக்ஸி மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் தெறித்த பொறிகள் கிளப்பிய மின் இரைச்சல் காற்று வழியாகவும் வீட்டு ஒயர் வழியாகவும் டிவிக்குள் நுழைந்து, படத்தோடு படமாக உட்கார்ந்துகொண்டது.

ரேடார் சென்சாருக்கு எந்தப் பவர் மேனேஜ்மெண்ட் சிப் போடுவது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த மிக்ஸியைத்தான். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. டிவியில் வந்த கோடு கோடாகவே தெரிந்தது, அது குறை என்று பார்த்தவுடன் புரிந்தது. ரேடாருக்குள் நுழையும் மின் இரைச்சல் அப்படித் தெரிவதில்லை, ஒரு பொருளாகத் தெரியும். பத்து மீட்டர் தள்ளி யாரோ நிற்பதுபோல் காட்டும். போய்ப் பார்த்தால் வெறும் தரை.

ஏன் இப்படி ஆகிறது என்பது விளங்கிவிட்டால், பவர் சிப் தேர்வில் பாதி வேலை முடிந்த மாதிரி. அதனால் சிப்புக்கு வருமுன் ரேடார் எப்படித் தூரம் அளக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

தூரம் என்பது இங்கே ஒரு அதிர்வெண்

இன்று கார் பம்பருக்குப் பின்னாலும், அறைக்குள் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் சின்னப் பெட்டிகளிலும் இருப்பவை பெரும்பாலும் எஃப்எம்சிடபிள்யூ வகை ரேடார்கள். கார்களில் 76 முதல் 81 கிகாஹெர்ட்ஸ் வரை, அறைக்குள் வைப்பவற்றில் பெரும்பாலும் 60 கிகாஹெர்ட்ஸ் பக்கம். இவை துடிப்பை அனுப்பிவிட்டு எதிரொலிக்காகக் காத்திருப்பதில்லை. ஒரு அலையை அனுப்பிக்கொண்டே அதன் அதிர்வெண்ணைச் சீராக ஏற்றிக்கொண்டு போகின்றன. நாதஸ்வரக்காரர் ஒரே மூச்சில் கீழ் ஸ்வரத்திலிருந்து மேல் ஸ்வரத்துக்கு இழுத்துப் போவது மாதிரி. இந்த ஒரு இழுப்புக்குச் சிர்ப் என்று பெயர்.

எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்பும் அலை கொஞ்சம் தாமதமாக வரும். அதற்குள் ரேடார் அனுப்பும் ஸ்வரம் மேலே ஏறியிருக்கும். இப்போது அனுப்புவதையும் திரும்பி வந்ததையும் கலந்து பார்த்தால், இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு தாழ்ந்த அதிர்வெண்ணாகக் கிடைக்கும். பொருள் எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு அந்த வித்தியாசம் கூடும்.

கணக்காகவே பார்க்கலாம். சிர்ப் ஒரு மைக்ரோவினாடிக்கு 30 மெகாஹெர்ட்ஸ் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் தள்ளி ஒரு கம்பம். அலை போய்வர 20 மீட்டர், அதற்கு ஆகும் நேரம் சுமார் 67 நானோவினாடி. அந்த நேரத்துக்குள் சிர்ப் 2 மெகாஹெர்ட்ஸ் ஏறிவிடும். ஆகவே ரேடாரின் ரிசீவரில் 2 மெகாஹெர்ட்ஸ் அலை ஒன்று தோன்றினால், மென்பொருள் "10 மீட்டரில் ஒரு பொருள்" என்று எழுதிக்கொள்ளும்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். 77 கிகாஹெர்ட்ஸ் என்றெல்லாம் பெரிதாகப் பேசினாலும், ரேடார் கடைசியில் உட்கார்ந்து பார்ப்பது சில கிலோஹெர்ட்ஸிலிருந்து 5, 10, 15 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள சாதாரண அலைகளைத்தான். இந்தப் பட்டைக்கு ஐஎஃப் என்று பெயர். இந்தப் பட்டைக்குள் எந்த வழியாக எந்த அலை நுழைந்தாலும் அது ஒரு தூரமாக மாறிவிடும். அது பொருளிலிருந்து வந்ததா, பவர் சிப்பிலிருந்து வந்ததா என்று கேட்கிற புத்தி அந்தக் கணக்குக்குக் கிடையாது.

பவர் சிப் எங்கே குறுக்கிடுகிறது

ரேடார் சிப்புக்கு ஒரே ஒரு மின்னழுத்தம் போதாது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் ஏடபிள்யூஆர்1843 என்ற கார் ரேடார் சிப்பையே எடுத்துக்கொள்கிறேன். பலரும் முதலில் கையில் எடுக்கும் குடும்பம் அது, அதன் டேட்டாஷீட்டும் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) இந்த விஷயத்தில் வெளிப்படையாகப் பேசும். டிஜிட்டல் பகுதிக்கும் நினைவகத்துக்கும் 1.2 வோல்ட். ரேடியோ பகுதிக்கு 1.3 வோல்ட், அல்லது உள்ளே இருக்கும் ரெகுலேட்டரை (வோல்ட்டை நிலையாக வைக்கும் சுற்று) ஒதுக்கிவிட்டால் நேரடியாக 1.0 வோல்ட். அலையை உருவாக்கும் ஆஸிலேட்டருக்கும் ஐஎஃப் பகுதிக்கும் 1.8 வோல்ட். வெளி இணைப்புகளுக்கு 3.3 வோல்ட். இந்த நான்கையும் சரியாகப் பிரித்து, சரியான நேரத்தில் ஏற்றி இறக்கிக் கொடுக்கும் ஒற்றைச் சிப்தான் பவர் மேனேஜ்மெண்ட் ஐசி. எல்லோரும் பிஎம்ஐசி என்றே சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

பிஎம்ஐசிக்குள் இருப்பவை முக்கியமாக பக் கன்வெர்ட்டர்கள். 5 வோல்ட்டை 1 வோல்ட்டாக்க வேண்டுமென்றால், ஒரு சுவிட்ச் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மின்சாரத்தை உள்ளே விட்டு மீதி நேரம் தடுத்து நிற்கும். இப்படி வினாடிக்குப் பல லட்சம் தடவை. வருகிற துண்டுதுண்டான மின்சாரத்தை இண்டக்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து சமன் செய்கின்றன. ஆனால் முழுக்கச் சமன் ஆகாது. நல்ல கன்வெர்ட்டரிலும் சில மில்லிவோல்ட் ஏற்ற இறக்கம் மிச்சம் இருக்கும். அதுதான் ரிப்பிள்.

சுவிட்ச் 2 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்றால் ரிப்பிளும் 2 மெகாஹெர்ட்ஸ். மேலே பார்த்த கணக்கு நினைவிருக்கிறதா? 2 மெகாஹெர்ட்ஸ் என்றால் 10 மீட்டர். இல்லாத கம்பம் அங்கே முளைத்துவிட்டது.

ரிப்பிள் உள்ளே வரும் வழிகள் இரண்டு. நேராக ஐஎஃப் பகுதிக்குள் கசிவது ஒன்று, அது எப்போதும் ஒரே இடத்தில் ஒரு பொய்ப்பொருளை வைக்கும். இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. ஆஸிலேட்டருக்குப் போகும் மின்சாரம் ஆடினால் அனுப்பும் அலையே சேர்ந்து ஆடும். அப்போது எதிரே உள்ள ஒவ்வொரு உண்மையான பொருளுக்கும் இருபுறமும் ஒரு நிழல் விழும். 30 மீட்டரில் ஒரு லாரி நின்றால் 20 மீட்டரிலும் 40 மீட்டரிலும் மங்கலாக இரண்டு தெரியும். பெரிய லாரியின் மங்கலான நிழல், உண்மையாக நடந்து வரும் ஒரு மனிதரின் எதிரொலியை மூடிவிடும் அளவுக்கு இருக்கலாம். எனக்குக் கவலை தருவது இதுதான். பொய்ப்பொருளைக்கூட மென்பொருளில் கழித்துவிடலாம், மூடப்பட்ட மனிதரை எங்கே போய்த் தேடுவது?

முதலில் திறக்க வேண்டிய பக்கம்

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று ஒரு பட்டியல் போட்டு, அதற்குப் பொருந்தும் பிஎம்ஐசியைத் தேடுகிறார்கள். கணினிப் பலகைக்கு இந்த முறை போதும். ரேடாருக்குப் போதாது. ரேடார் சிப்பின் டேட்டாஷீட்டில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ரிப்பிள் தாங்கும் என்று ஒரு சின்ன அட்டவணை இருக்கும். அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறக்க வேண்டும்.

ஏடபிள்யூஆர் குடும்பத்தின் அட்டவணையில் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரிசையைப் பாருங்கள். 1.0 வோல்ட் லைனில் 2 மைக்ரோவோல்ட், 1.3 வோல்ட் லைனில் 4, 1.8 வோல்ட் லைனில் 6. அவ்வளவுதான் அனுமதி. ஒரு வோல்ட்டை ஐந்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் 2 மைக்ரோவோல்ட். சுவிட்சிங் கன்வெர்ட்டர் விடும் மில்லிவோல்ட் ரிப்பிளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இப்போது அடுத்த வரிசை, 2.2 மெகாஹெர்ட்ஸ். 1.0 வோல்ட்டில் 11, 1.3 வோல்ட்டில் 82, 1.8 வோல்ட்டில் 13 மைக்ரோவோல்ட். அதிர்வெண் இரண்டு மடங்கு ஆனதும் 1.3 வோல்ட் லைனின் அனுமதி 4-லிருந்து 82-க்குத் தாவிவிட்டது. அந்த அதிர்வெண்ணுக்கு மேல் சிப்பிலும் அதன் கெப்பாசிட்டர்களிலும் ரிப்பிள் தானாகவே அடங்கத் தொடங்குகிறது. 1 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடும் கன்வெர்ட்டரை ரேடார் பக்கத்தில் அண்டவே விடக்கூடாது என்பதற்கு இந்த இரண்டு வரிசைகள் போதும். விலை மலிவான, எங்கும் கிடைக்கிற பல கன்வெர்ட்டர்கள் அந்த அதிர்வெண்ணில்தான் ஓடுகின்றன. அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதே அட்டவணை இன்னொரு முடிவையும் உங்கள் கையில் கொடுக்கிறது. 1.3 வோல்ட்டா, 1.0 வோல்ட்டா? 1.3 கொடுத்தால் சிப்புக்குள் இருக்கும் ரெகுலேட்டர் ரிப்பிளை வடிகட்டித் தரும், உங்கள் வேலை எளிது. ஆனால் அந்த 0.3 வோல்ட் வித்தியாசம் ரேடார் சிப்புக்குள்ளேயே சூடாக மாறும். 2 ஆம்பியர் ஓடும்போது 0.6 வாட். பிளாஸ்டிக் பெட்டிக்குள் காற்றுப்புகாமல் மூடி, வெயிலில் நிற்கும் கார் பம்பருக்குப் பின்னால் வைக்கும் பொருளில் 0.6 வாட் சின்ன விஷயம் அல்ல. 1.0 வோல்ட் நேரடியாகக் கொடுத்தால் சூடு குறையும், ஆனால் வடிகட்டும் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். ஏடபிள்யூஆர்1843-இல் மூன்று டிரான்ஸ்மிட்டர்களையும் ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டுமானால் 1.0 வோல்ட் வழி தவிர வேறு வழி இல்லை. ஒன்று அல்லது இரண்டு டிரான்ஸ்மிட்டர் போதும் என்றால், முதல் போர்டுக்கு 1.3 வோல்ட்டையே எடுங்கள் என்பேன்.

சுவிட்ச் எந்த வேகத்தில் ஓட வேண்டும்

அதிர்வெண் கூடக்கூட நல்லது என்று இதுவரை சொன்னதிலிருந்து தோன்றும். பெரும்பாலும் அது சரி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் இந்த ரேடார் சிப்களுக்கென்றே கொண்டுவந்த எல்பி87524 என்ற பிஎம்ஐசியில் நான்கு பக் கன்வெர்ட்டர்கள், நான்கும் 4 மெகாஹெர்ட்ஸில் ஓடுபவை. பின்னால் வந்த எல்பி87745 இன்னும் மேலே போய் 17.6 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். அந்த எண்ணின் அருமை இப்போது உங்களுக்கே தெரியும். ஏடபிள்யூஆர்1843-இன் ஐஎஃப் பட்டை 10 மெகாஹெர்ட்ஸ். 17.6 அதற்கு வெளியே. ரிப்பிள் இருந்தாலும் ரேடார் பார்க்கும் ஜன்னலுக்கு அப்பால் நிற்கிறது.

4 மெகாஹெர்ட்ஸ் ஜன்னலுக்கு உள்ளேதான் இருக்கிறது. மேலே சொன்ன சிர்ப்பில் அது 20 மீட்டர். ஆனாலும் அது வேலைக்கு ஆகிறது, ஏனென்றால் அந்த உயரத்தில் ரிப்பிளைச் சின்ன வடிகட்டியால் அடக்கிவிடலாம்.

வேகமாக ஓடும் சுவிட்சுக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் கொஞ்சம் சக்தி வீணாகும், தடவைகள் கூடினால் வீணும் கூடும். பதிலுக்கு இண்டக்டர் சிறுத்துவிடும், போர்டும் சிறுத்துவிடும். பேட்டரியில் ஓடும் சென்சாருக்கு இந்தக் கணக்கு கசக்கும், காருக்கு அவ்வளவு கசக்காது.

அதிர்வெண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய மூன்று விஷயங்கள் இருக்கின்றன. பிஎம்ஐசி விளம்பரப் பக்கத்தில் இவை எல்லாம் சிறப்பு அம்சங்களாகத்தான் எழுதப்பட்டிருக்கும், ஆனால் ரேடாருக்கு அவை எல்லாமே சிறப்பு அல்ல.

முதலாவது, சுமை குறைந்தால் சுவிட்ச் தானாக மெதுவாவது. இதற்கு பிஎஃப்எம் என்று பெயர், மின்சாரம் மிச்சமாகும். ஆனால் ரிப்பிள் அதிர்வெண் நிலையாக நிற்காமல் கீழே இறங்கி அலையும். நான் மேசையில் வைத்துப் பார்த்த ஒரு போர்டு, அறைக்குள் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் சென்சார். வெறும் அறையில் முக்கால் மீட்டருக்குள் யாரோ இருப்பதாக விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. மென்பொருளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் பார்த்தால் ரேடார் ஓய்ந்திருக்கும் நேரத்தில் ஒரு கன்வெர்ட்டர் மெதுவாகி 140 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இறங்கியிருந்தது, சிர்ப் தொடங்கிய பிறகும் சில கணம் அங்கேயே நின்றது. 140 கிலோஹெர்ட்ஸைத் தூரமாக்கிப் பாருங்கள், 70 சென்டிமீட்டர். பிஎம்ஐசியின் ஒரு ரெஜிஸ்டரில் (அமைப்புகளை எழுதிவைக்கும் இடம்) "எப்போதும் நிலையான வேகம்" என்று மாற்றி எழுதியதும் அந்த ஆள் போய்விட்டார். ஆகவே நீங்கள் எடுக்கும் சிப்பில் கட்டாய பிடபிள்யூஎம் நிலை, அதாவது சுமை குறைந்தாலும் வேகம் மாறாமல் ஓடும் நிலை, உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தச் சிப் வேண்டாம்.

இரண்டாவது, எல்லாக் கன்வெர்ட்டர்களும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றனவா என்பது. தனித்தனிச் சிப்களை வாங்கி வைத்தால் ஒன்று 2.10 மெகாஹெர்ட்ஸிலும் இன்னொன்று 2.15 மெகாஹெர்ட்ஸிலும் ஓடும். இரண்டும் கலந்தால் 50 கிலோஹெர்ட்ஸ் என்று புதிதாக ஒரு குட்டி பிறக்கும், அது இங்கே போடும் சின்ன வடிகட்டிகளில் மாட்டாது. எல்லாவற்றையும் ஒரே பிஎம்ஐசிக்குள் வைப்பதன் பெரிய லாபமே இதுதான். இட மிச்சத்தைவிட இதை நான் பெரிதாக மதிக்கிறேன். முன்னால் இருக்கும் 12 வோல்ட் கன்வெர்ட்டரையும் அதே கடிகாரத்தில் கட்ட முடிந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம். சுவிட்ச் வேகத்தை வேண்டுமென்றே கொஞ்சம் ஆட்டிவிட்டால், ஒரே இடத்தில் குவிந்திருந்த இரைச்சல் அகலமாகப் பரவிக் குட்டையாகும். காரில் வானொலிக்கு இடையூறு செய்யாமல் இருக்க வேண்டும் என்ற சிஸ்பிஆர் 25 சோதனையில் தேற இது கைகொடுக்கும். ரேடாரின் கண்ணில் என்ன ஆகும்? ஒரு கூரான பொய்ப்பொருள் கரைந்து, சுற்றுவட்டாரம் முழுக்க இரைச்சலின் தரைமட்டம் சற்று உயரும். தூரத்துப் பலவீனமான எதிரொலிகள் அந்த உயர்ந்த தரையில் மூழ்கலாம். எது மேல் என்பது உங்கள் சென்சார் எதைத் தேடுகிறது என்பதைப் பொறுத்தது. அணைத்தும் போட்டும் இரண்டு விதமாக அளந்து பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

வடிகட்டுவதா, எல்டிஓ போடுவதா

எல்டிஓ என்பது சுவிட்ச் இல்லாத ரெகுலேட்டர். கூடுதல் வோல்ட்டைச் சூடாக எரித்துவிட்டு அமைதியான மின்சாரம் தரும். அமைதிதானே வேண்டும், எல்லாவற்றுக்கும் எல்டிஓ போட்டால் என்ன? 5 வோல்ட்டிலிருந்து 1 வோல்ட், 2 ஆம்பியர் என்று போட்டால் 8 வாட் சூடு. கட்டைவிரல் அகல ரேடார் போர்டில் அது நடக்காது. அதனால் பழைய வடிவமைப்புகளில் முதலில் பக் கன்வெர்ட்டரால் 1.8 வரை இறக்கி, அங்கிருந்து எல்டிஓவால் 1.3-க்குக் கொண்டுவந்தார்கள். 1.5 ஆம்பியருக்கு 0.75 வாட். தாங்கலாம், ஆனால் இனிக்காது.

எல்டிஓவை நம்பும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அது ரிப்பிளை எவ்வளவு தடுக்கும் என்று டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் 1 கிலோஹெர்ட்ஸில் அளந்தது. நமக்கு வேண்டியது 2, 4 மெகாஹெர்ட்ஸில் எவ்வளவு என்பது. உள்ளே உள்ள வரைபடத்தைத் தேடிப் பார்த்தால் அந்த இடத்தில் கோடு நன்றாகச் சரிந்திருக்கும்.

அதனால் இப்போது பலரும் போவது எளிய வழியில். பக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இன்னொரு சின்ன இண்டக்டர், இன்னும் இரண்டு கெப்பாசிட்டர். 0.1 மைக்ரோஹென்ரியும் 44 மைக்ரோஃபாரடும் வைத்தால் சுமார் 76 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதெல்லாம் அடங்கத் தொடங்கும். 2.2 மெகாஹெர்ட்ஸில் காகிதக் கணக்குப்படி 800 மடங்கு குறையும். 4 மெகாஹெர்ட்ஸில் 2,700 மடங்கு. நிஜத்தில் இவ்வளவு கிடைக்காது. பீங்கான் கெப்பாசிட்டரில் வோல்ட் ஏறினால் அதன் கொள்ளளவே குறைந்துவிடும், போர்டில் உள்ள செப்புத்தடமும் தன் பங்குக்குக் கெடுக்கும். பாதிக்குப் பாதி கிடைத்தாலும் நமக்குப் போதும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த இண்டக்டருக்கும் கொஞ்சம் மின்தடை உண்டு. 20 மில்லியோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 2 ஆம்பியர் ஓடினால் 40 மில்லிவோல்ட் அங்கேயே விழுந்துவிடும். 1.0 வோல்ட் லைனில் ரேடார் சிப் ஏற்பது 0.95 முதல் 1.05 வரைதான், அதாவது கீழே இறங்க இருப்பதே 50 மில்லிவோல்ட். அதில் 40-ஐ வடிகட்டி தின்றுவிட்டது. இதற்காகத்தான் பிஎம்ஐசியின் ஃபீட்பேக் பின்னை (வெளியே எவ்வளவு வோல்ட் போகிறது என்று பார்த்துத் திருத்தும் பின்) வடிகட்டிக்கு அப்பால், ரேடார் சிப்பின் வாசலிலிருந்து இழுக்கிறார்கள். எல்லாப் பிஎம்ஐசியும் இதை ஏற்காது. வெளியே இப்படி இன்னொரு இண்டக்டர்-கெப்பாசிட்டர் வடிகட்டி இருந்தால் சிலவற்றின் கட்டுப்பாட்டுச் சுற்று நிலைகுலைந்து ஆடத் தொடங்கும். "இரண்டாம் கட்ட வடிகட்டியுடன் நிலையாக இயங்கும்" என்று டேட்டாஷீட் சொல்கிறதா என்று பாருங்கள். ரேடாருக்கென்றே வந்த சிப்களை நான் பரிந்துரைக்கும் காரணங்களில் இது ஒன்று.

இண்டக்டருக்குப் பதில் ஃபெரைட் பீட் (உயர் அதிர்வெண் இரைச்சலைத் தடுக்கும் சின்ன பாகம்) போட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். போடலாம். ஆனால் பீடின் மேல் எழுதியிருக்கும் 100 ஓம், 220 ஓம் எல்லாம் 100 மெகாஹெர்ட்ஸில் அளந்தவை. 2 மெகாஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட ஒரு குட்டி இண்டக்டர் மட்டுமே.

ஆம்பியர் கணக்கு

இப்போதுதான் ஆம்பியருக்கு வருகிறோம். ஏடபிள்யூஆர்1843 உச்சத்தில் 1.2 வோல்ட்டில் 1 ஆம்பியர், ரேடியோ லைனில் 2 ஆம்பியர், 1.8 வோல்ட்டில் 850 மில்லிஆம்பியர், 3.3 வோல்ட்டில் வெறும் 50 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். சராசரி இதைவிட மிகக் குறைவு. சராசரியைப் பார்த்துச் சிப் வாங்காதீர்கள். ரேடார் ஓய்ந்திருக்கும், திடீரென்று டிரான்ஸ்மிட்டர் எழும், சிர்ப்கள் அடுத்தடுத்துப் போகும், மறுபடி ஓய்வு. எழுகிற அந்தக் கணத்தில் சுமை சரேலென்று ஏறும். நான்கு குடித்தனம் உள்ள வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் மேல்மாடியில் தண்ணீர் ஊசிபோல் ஆவது மாதிரி வோல்ட் ஒரு கணம் சரியும். முதல் சிர்ப் அந்தச் சரிவுக்குள் ஓடினால் அதன் ஏற்றம் கோணலாகும், தூரமும் வேகமும் பிசகும். சுமை ஏறும்போது எவ்வளவு சரிகிறது, எத்தனை மைக்ரோவினாடியில் மீள்கிறது என்ற வரைபடம் பிஎம்ஐசி டேட்டாஷீட்டில் இருக்கும்.

மற்றவை, சுருக்கமாக

பிஎம்ஐசி பெரும்பாலும் 5 வோல்ட் அல்லது 3.3 வோல்ட்டைத்தான் உள்ளே வாங்கும். எல்பி87524-க்கு 2.8 முதல் 5.5 வரை. கார் பேட்டரியை நேராகக் கொடுத்தால் அடுத்த கணமே சிப் போய்விடும். கடுங்குளிரில் காரைக் கிளப்பும்போது 12 வோல்ட் 4-க்குக் கீழேகூட இறங்கும். ஓடும்போது பேட்டரி இணைப்பு கழன்றால் 35 வோல்ட் வரை எகிறும். இதையெல்லாம் தாங்க முன்னால் தனியாக ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். சுவரில் மாட்டும் சென்சாருக்கு இந்தத் தொல்லை இல்லை, நல்ல 5 வோல்ட் அடாப்டர் போதும்.

ரேடார் சிப்பின் ரீசெட் பின்னை, எல்லா லைன்களும் ஏறி நிலைத்த பிறகுதான் விடுவிக்க வேண்டும். பிஎம்ஐசியே அதைச் செய்யும்படி வாங்குங்கள். இங்கே வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: இந்தச் சிப்களில் எந்த வோல்ட், எந்த வரிசை என்பது தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டுவிடும். எல்பி87524 என்ற எண்ணுக்குப் பின்னால் பி, ஜே, பி என்று வரும் எழுத்து (ஆங்கிலத்தின் இரண்டாம், பத்தாம், பதினாறாம் எழுத்துகள்) அதைத்தான் குறிக்கிறது. பார்வைக்கு ஒரே சிப், சால்டர் செய்தபின் வேறு வோல்ட் வரும். கடைக்காரர் "அதே சிப்தான், இந்த எழுத்துதான் ஸ்டாக் இருக்கிறது" என்றால் வாங்காதீர்கள்.

காரில் அவசர பிரேக் பிடிக்க உதவும் ரேடார் என்றால் ஐஎஸ்ஓ 26262 என்ற பாதுகாப்புத் தரம் வந்துவிடும். வோல்ட் எல்லை மீறினால் உடனே சொல்லும் கண்காணிப்பு, மென்பொருள் உறைந்தால் எழுப்பும் வாட்ச்டாக் இரண்டும் பிஎம்ஐசிக்குள்ளேயே இருந்தால் வேலை எளிது. எல்பி87702 போன்றவை அதற்காகவே செய்யப்பட்டவை. கற்றுக்கொள்ள போர்டு செய்பவருக்கு இது தேவையில்லை.

போர்டு வந்த பிறகு

2 மைக்ரோவோல்ட்டைச் சாதாரண ஓசிலாஸ்கோப்பில் பார்க்க முடியாது. புரோபின் கிரவுண்ட் ஒயர் பத்து சென்டிமீட்டர் தொங்கினால் அதுவே ஒரு ஆன்டெனா, பக்கத்தில் உள்ள இண்டக்டரின் காந்தப்புலத்தை வாங்கி இல்லாத ரிப்பிளைக் காட்டும். மெல்லிய கோஆக்ஸ் கேபிளை ரேடார் சிப்பின் வாசலில் உள்ள கெப்பாசிட்டர் மேலேயே சால்டர் செய்து, டிசியைத் தடுக்கும் இணைப்பான் வழியாக ஸ்பெக்ட்ரம் அனலைசருக்கு (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சக்தி என்று காட்டும் கருவி) கொண்டுபோக வேண்டும். 50 ஓமில் 2 மைக்ரோவோல்ட் என்பது மைனஸ் 101 டிபிஎம் (அனலைசர் சக்தியைக் காட்டும் அலகு). குறுகிய பட்டையில் வைத்துப் பார்த்தால் நல்ல அனலைசரில் தெரியும்.

அனலைசர் இல்லாதவருக்கும் வழி இருக்கிறது, ரேடாரையே கேட்கலாம். திரையில் 11 மீட்டரில் ஒரு கூர்முனை தெரிகிறது, அது சுவரா ரிப்பிளா என்று சந்தேகம் என்று வைத்துக்கொள்வோம். சிர்ப்பின் ஏற்றத்தை 30-லிருந்து மைக்ரோவினாடிக்கு 40 மெகாஹெர்ட்ஸாக மாற்றி எழுதுங்கள். உண்மையான சுவரின் அதிர்வெண்ணும் அதற்கேற்ப ஏறும், தூரம் 11 மீட்டரிலேயே நிற்கும். 2.2 மெகாஹெர்ட்ஸ் ரிப்பிளுக்கு உங்கள் சிர்ப் பற்றி ஒன்றும் தெரியாது. அது 2.2-லேயே நிற்கும், ஆனால் புதிய கணக்கில் அந்த 2.2 என்பது 8.25 மீட்டர். திரையில் அந்த முனை கிட்டத்தட்ட மூன்று மீட்டர் நெருங்கி வந்து நின்றால், அங்கே சுவர் இல்லை.

அடுத்து ரேடாரைத் திறந்த வானத்தை நோக்கித் திருப்புங்கள். முனை அப்படியே இருந்தால் ரிப்பிள் ஐஎஃப் பகுதிக்குள் நேராகக் கசிகிறது. பொருள்களோடு சேர்ந்து அதுவும் மறைந்தால் கசிவு ஆஸிலேட்டர் வழியாக. அப்போது 1.8 வோல்ட் லைனின் வடிகட்டியிலிருந்து தேடத் தொடங்கலாம்.